பங்கு போட்ட குளிசை

ஸ்கந்தபுரம்,
கிளிநொச்சி.
வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பான தம்பி ஜனார்த்தனனுக்கு,

அண்ணி தயாளினி எழுதுறன். நீங்களும் அருந்ததியும் பிள்ளையள் சுஜிதனும் சாரங்காவும் அந்தக் குளிருக்குள்ள ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் பேனையை எடுத்தனான். இஞ்ச நாங்கள் இருக்கிறம்.

கிழமைக்கு இரண்டு தரம் வீடியோவில கதைக்கிற மனுசி என்னத்துக்கு இப்ப கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பியள். உங்கட அண்ணாவுக்குக் கையும் காலும் நாக்கும்தான் போயிட்டுது. காது முந்தினதை விட நல்லாக் கேக்குது. நான் கிணத்தடியில நிண்டு முணுமுணுத்தாலும் அவர் உள்ளுக்குக் கிடந்து கண்ணை உருட்டுறார். போனில எழுத்து அமத்தி அனுப்ப எனக்குத் தெரியாது. மகள் கௌசலாவைக் கொண்டு அமத்துவிக்கவும் ஏலாது, ஏனெண்டு பிறகு சொல்லுறன். நல்லதம்பி மாஸ்டர் மகளைப் பார்க்க உங்கட ஒஸ்லோவுக்கு வெளிக்கிடுறார். அவரிட்டக் குடுத்து விடுறன். மனுசன் வாய் திறவாது, வடிவா ஒட்டித்தான் குடுப்பன்.

நீங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேக்கிறியள். அண்ணாட ரத்தத்தைப் பரம்பரை வருத்தமோ எண்டு பார்க்க எடுத்தவையே, அதின்ர முடிவு என்ன எண்டு. ஒவ்வொரு முறையும் நான் மழையைப் பற்றிக் கதைச்சுச் சமாளிச்சுப் போட்டன். அங்க இந்த வருத்தத்தின்ர பரம்பரை வகைக்கு எண்டு புதுசா ஒரு மருந்து ஆராய்ச்சி தொடங்குதெண்டும், அண்ணாட முடிவு தெரிஞ்சால் அவற்ற பேரைக் குடுக்கலாம் எண்டும் சொன்னியள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இருந்தனான். ஆனா ஒரேயடியா எழுதக் கை வருதில்லை. கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ. கடைசிப் பக்கத்துக்குத் தாவாதேங்கோ, உங்கட குணம் எனக்குத் தெரியும்.

முதல் இவற்ற பாட்டைச் சொல்லுறன். கஞ்சி இன்னும் இறங்குது, ஆனா ஒரு கோப்பை பருக்க ஒரு காலமை போயிடும். இருமல் வந்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். சாய்வுக் கட்டில் ஒண்டு தந்தவை, அதில அரைவாசி நிமித்தி விட்டால்தான் மூச்சு விடுறார். கதைக்கிறதுக்கு எழுத்துப் பலகை ஒண்டு இருக்கு. நான் வரிசை வரிசையாத் தொட்டுக்கொண்டு போக, சரியான எழுத்தில அவர் கண்ணை மூடுவார். தமிழில இவ்வளவு எழுத்தை எந்தக் கோதாரி கண்டுபிடிச்சதோ தெரியாது. அண்டைக்கு ஒருநாள் முகமெல்லாம் சிவந்து, கண்ணால தண்ணி வடிய, மினக்கெட்டு ஒவ்வொரு எழுத்தாச் சொன்னார். நான் நெஞ்சு பதறிப்போய், மனுசன் கடைசிச் சொல்லுச் சொல்லுதாக்கும் எண்டு அழுதழுது கூட்டிப் பார்த்தன். “மாடு பயித்தைக்குள்ள.” ஓடிப்போய்ப் பார்த்தால் சிவராசாட மாடு வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்து என்ர பயித்தங்கொடி முழுக்கத் திண்டு முடிச்சிட்டுது. அண்டைக்குத்தான் நாங்கள் ரெண்டு பேரும் கடைசியாச் சிரிச்சனாங்கள்.

வயலைக் குத்தகைக்கு விட்டிட்டன். அதைப் பற்றிக் கதைக்க ஒண்டுமில்லை.

இனி கொழும்பு ஆராய்ச்சிக் கதைக்கு வாறன். அண்ணாவை ஏன் இடையில நிப்பாட்டினவை, அது அநியாயம், கொழும்புக்கு உரமா ஒரு கடிதம் போடப்போறன் எண்டு போன கிழமையும் குதிச்சனீங்கள். தயவுசெய்து போடாதேங்கோ. அந்தாக்களில ஒரு பிழையும் இல்லை. நான் உங்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டது, இவர் கேட்டுக்கொண்டு கிடக்கிறார் எண்டதாலயும், சொல்ல வெளிக்கிட்டால் எனக்குக் கோபம் வந்து அவரையே ஏசிப்போடுவன் எண்டதாலயும்தான். படுக்கையில கிடக்கிற மனுசனை எத்தினை தரம் ஏசுறது, சொல்லுங்கோ.

உழவு மிசினின்ர சாவியைத் திருப்பேலாமல் கை வழுக்கின நாளில தொடங்கினது. ஓராண்டுக்குள்ள மண்வெட்டி போச்சு, சட்டைப் பொத்தான் போச்சு, நடையும் இழுத்துக்கொண்டு போச்சு. கொழும்பில இயக்க நரம்பு வருத்தத்துக்குப் புது மருந்து பரிசோதிக்கினம் எண்டு நீங்கள்தான் தேடிப் பிடிச்சுச் சொன்னனீங்கள். கிளிநொச்சிப் பக்கத்தில இருந்து ரெண்டு பேரை எடுத்தவை. ஒண்டு இவர். மற்றது வினோதன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு வளந்த பெடியன். எழுபத்தேழுக் கலவரத்தில மலைநாட்டில இருந்து இஞ்ச வந்த சனத்தின்ர பேரன். லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் ஓடித்தான் சீவியம். பெண்சாதி ராஜினி, கையில ஒரு பெண் குழந்தை. முப்பத்தைஞ்சு வயசு கூட இல்லை, அந்த வயசில இந்த நாசமாப் போன வருத்தம்.

கொழும்புக்குக் கொண்டு போக மாதத்துக்கு ஒருக்கா வான் வரும். இவரை ஏத்திக்கொண்டு போய் அவனையும் ஏத்துவினம். நானும் ராஜினியும் பின் சீற்றில. உண்மையைச் சொல்லுறன், தொடக்கத்தில நான் அவளோட வடிவா முகம் குடுத்துக் கதைச்சதில்லை. அவை வேறை, நாங்கள் வேறை எண்ட நினைப்பு எங்கட சனத்துக்கு லேசிலே போகாது. மதவாச்சியில தேத்தண்ணிக்கு நிப்பாட்டினால் ஆண்கள் ரெண்டு பேரும் நடுங்கிற கையால ஒரு கோப்பையை ரெண்டு பேருமாப் பிடிச்சு ஆளுக்காள் பருக்கிக்கொண்டிருப்பினம். அதைப் பார்த்தாப் பிறகு எனக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கேலாமல் போச்சு.

பிரேமிளா டொக்டர் எண்டு ஒரு திருகோணமலைப் பிள்ளை. அவா எல்லாத்தையும் தமிழில, ஆறுதலா, ரெண்டு தரம் விளங்கப்படுத்தினவா. அரைவாசிப் பேருக்கு மருந்துள்ள குளிசை, அரைவாசிப் பேருக்கு வெறுங் குளிசை. ஆருக்கு எது எண்டு தனக்கும் தெரியாது, கொம்பியூட்டரில பூட்டிக் கிடக்கு, ஒரு ஆபத்து எண்டால்தான் திறக்கலாம் எண்டு சொன்னா. அப்பிடிச் செய்தால்தான் மருந்து உண்மையா வேலை செய்யுதோ எண்டு பிடிக்கலாமாம். இவர் எல்லாத்துக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிக் கையெழுத்து வைச்சார். வினோதனும் வைச்சான்.

இனித்தான் விசர்க்கதை. உங்கட அண்ணா எத்தினை வருசம் கமக்கார அமைப்புக்குத் தலைவரா இருந்தவர் எண்டு உங்களுக்குத் தெரியும். குளத்தில தண்ணி காணாத வருசம் சிறுபோகத்துக்கு என்ன செய்யிறது? வாய்க்கால் தலைப்பில இருக்கிற காணியை மட்டும் எடுத்து, எல்லாருக்கும் பங்கு போட்டு விதைக்கிறது. தலைப்பில காணி உள்ளவன் கத்துவான், கடைசியில காணி உள்ளவன் கும்பிடுவான், இவர் நடுவில நிண்டு கயிறு பிடிப்பார். அந்தப் பழக்கம் மனுசனுக்கு ரத்தத்தில ஊறிப்போச்சு. வானில வரேக்க வினோதனோட குசுகுசுத்திருக்கிறார். ரெண்டு போத்தல் இருக்கு, ஒண்டில தண்ணி இருக்கலாம், மற்றது வறண்ட வாய்க்காலா இருக்கலாம், எது எண்டு தெரியாது, அப்ப ஏன் ஒருத்தன் முழுக்கச் சாகவேணும், பங்கு போடுவம் எண்டு. வினோதன் முதல் மாட்டன் எண்டு சொன்னவனாம். காணிப் பேமிட் இல்லாத ஆக்களுக்குப் பங்கு இல்லை எண்டு ஒருகாலம் கூட்டத்தில அவன்ர தகப்பனைத் திருப்பி அனுப்பினது இவர்தான். அதை மனசில வைச்சுக்கொண்டு, இந்த முறை நீயும் பங்குக்காரன்ராப்பா எண்டு சொல்லி அவனை ஒப்புக்கொள்ள வைச்சிருக்கிறார்.

அண்டையில இருந்து ஒவ்வொரு மாதமும் கொழும்பால திரும்பி வரேக்க வான் வினோதன் வீட்டு வாசலில நிண்டவுடன, தண்ணி குடிச்சிட்டு வாறன் எண்டு இவர் இறங்குவார். எனக்கென்ன தெரியும், மூத்திரம் பெய்யப் போறாராக்கும் எண்டு பேசாமல் இருந்தன். உள்ள ராஜினியின்ர அரிசி அளக்கிற சுண்டுக்குள்ள ரெண்டு போத்தலையும் கொட்டிக் கலந்து, பாதி பாதியா ரெண்டிலயும் திருப்பிப் போட்டிருக்கினம். குளிசை பார்வைக்கு ஒரே மாதிரி. எண்ணிக்கை சரியா இருக்கும். ஆர் கண்டுபிடிக்கிறது?

ஒருநாள் நான் கதவடியில கண்டு பிடிச்சிட்டன். அண்டைக்கு நான் கத்தின கத்து றோட்டுக்குக் கேட்டிருக்கும். உங்களுக்கு என்ன விசரே, தண்ணி காணாட்டில் காணியைத்தானே குறைக்கிறது, தண்ணியை ஆரும் எல்லாக் காணிக்கும் தெளிப்பினமே, அரைத் தண்ணியில ஒருத்தன்ர பயிரும் விளையாது எண்டு வருசா வருசம் கூட்டத்தில தொண்டை கிழியச் சொன்னது நீங்களல்லோ எண்டு கேட்டன். வினோதன்தான், அக்கா ஏசாதேங்கோ, எனக்கும் அது தெரியும், ஆனா ஐயா கேக்கேக்க மனசு விட்டிட்டுது எண்டு சொன்னான். ராஜினி சுண்டை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு நிண்டாள்.

அவ்வளவு கத்தியும் அவை கேக்கேல்லை. அடுத்த மாதமும் பங்கு போட்டவை எண்டு எனக்குத் தெரியும். என்னத்தைச் செய்ய, வீட்டு மனுசனைக் காட்டிக் குடுக்கிறதே? அவருக்கு அந்தக் குளிசைதானே உயிர் எண்டு இருந்தனான்.

பின்ன மாரி தொடங்கேக்க வினோதனுக்குக் கண் மஞ்சளிச்சுது. செங்கமாரி. ஈரல் பழுதாப் போகுது எண்டு கொழும்பு ஆசுப்பத்திரியில மறிச்சு வைச்சிட்டினம். ஆபத்தெண்ட படியால் கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தால், அவனுக்கு எழுதினது வெறுங் குளிசை. வெறுங் குளிசை திண்டவனுக்கு ஏன் ஈரல் பழுதாகுது? ஆரோ ஒரு பெரிய டொக்டர் வந்து, இந்தாக்கள் குடிகாரர், கசிப்புக் குடிச்சிருப்பான் எண்டு அவன்ர முகத்துக்கு நேரை சொல்லிப் போட்டார். ராஜினி, என்ர மனுசன் கள்ளும் தொடாதவர் ஐயா எண்டு காலில விழாத குறை. வினோதன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். உண்மையைச் சொன்னால் இவரையும் வெளியில விட்டிடுவினம் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு குடிகாரப் பட்டத்தை வாங்கினான் அந்தப் பிள்ளை.

இவர் சக்கரக் கதிரையில இருந்தவர். பேச்சுக் குழறத் தொடங்கின நேரம். நான் அவற்ற தோளை அமத்திப் பிடிச்சனான், பேசாமல் இருங்கோ எண்டு. அதையும் மீறிச் சொல்லிப்போட்டார். அந்தப் பெரிய டொக்டருக்கு விளங்கேல்லை. பிரேமிளா டொக்டர்தான் கிட்டக் குனிஞ்சு, திருப்பித் திருப்பிக் கேட்டு விளங்கிக்கொண்டா. அவா ஏசேல்லைத் தம்பி. ஏசியிருந்தாலும் பறவாயில்லை. அப்பிடியே கதிரையில இருந்திட்டா. உங்கட போத்தலிலதான் மருந்து இருந்தது எண்டு இவருக்குச் சொன்னா. பாதி மருந்து மருந்தில்லை எண்டும், உங்கட ரெண்டு பேற்ற கணக்கையும் சேர்த்தால் மற்ற ஆக்களின்ர கணக்கும் பொய்யாப் போகும் எண்டும் சொன்னா. ரெண்டு பேரையும் அண்டைக்கே ஆராய்ச்சியில இருந்து எடுத்தாச்சு. இனி எந்த ஆராய்ச்சியிலயும் இவரைச் சேர்க்கிறது கஷ்டம் எண்டும் அவாதான் சொன்னவா. இதில ஆரோட சண்டை பிடிக்கப் போறியள்?

திரும்பி வரேக்க வானில எனக்கு அவரில வந்த கோபம் இந்தப் பிறப்பில தீராது எண்டு நினைச்சன். தன்ர மருந்தில பாதியைத் தானமாக் குடுத்து, குடுத்த பாதியால மற்றவன்ர ஈரலையும் எரிச்சுப் போட்டு வாற மனுசனை என்ன செய்யிறது? வீட்டு வாசலில இறக்கேக்க அவர் அழுதார். நான் துடைச்சு விடேல்லை.

ஞாயிற்றுக்கிழமை

அண்டைக்கு எழுதிக்கொண்டிருக்க இவருக்கு இருமல் வந்திட்டுது, விட்டிட்டன். நேற்று முழுக்கச் சளி உறிஞ்சிறதோட போச்சு. இண்டைக்குக் கௌசலா வவுனியாவில இருந்து வந்து தகப்பனுக்குக் கிட்ட இருக்கிறாள். அவளுக்குக் கம்பஸ் படிப்பு இந்த வருசத்தோட முடியுது. நான் குசினியில இருந்து எழுதுறன், ஆருக்கு எண்டு கேட்டவளுக்கு, வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நேர்த்திச் சாமான் எழுதுறன் எண்டு பொய் சொன்னன்.

செங்கமாரி மாறினது, ஆனா வினோதனை மற்ற வருத்தம் விடேல்லை. தைப்பொங்கல் கழிய மூச்சு நிண்டிட்டுது. நான் செத்த வீட்டுக்குப் போய் ராஜினியைக் கட்டிப் பிடிச்சு அழுதன். அதுக்குப் பிறகு அவள் எங்கட வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் வந்து இவரைத் தூக்கித் திருப்பி விடுறாள். வேண்டாம் எண்டு சொல்லிப் பார்த்தன். அக்கா, ஐயா மட்டும்தான் எங்களை ஒரு பங்குக்காரர் எண்டு சொன்னவர் எண்டாள். எனக்கு இப்பவும் சிலவேளை அவளைக் காணப் பத்தி எரியும். இவள்ர புருசன் அந்தப் பாதியைத் திண்டிருக்காட்டில் எண்டு நினைப்பு ஓடும். அடுத்த நிமிசம் அவள் இவற்ற முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுறதைப் பார்த்து வெக்கப்பட்டுப் போவன்.

அந்த நினைப்பும் இப்ப உதவாமல் போச்சு. போன மாதம் பிரேமிளா டொக்டர் போன் எடுத்தவா. ஆராய்ச்சி முடிஞ்சுதாம். மருந்து குடிச்ச ஆக்களுக்கும் வெறுங் குளிசை குடிச்ச ஆக்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லையாம். முழுசாக் குடிச்சிருந்தாலும் இவர் இப்பிடித்தான் கிடந்திருப்பார். இவ்வளவு நாளும் நான் ஏசினது, அழுதது, அவரோட கதையாமல் இருந்தது, எல்லாம் ஒண்டும் இல்லாத ஒரு குளிசைக்கு. இவரும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார்.

அந்தப் போனிலதான் ரத்த முடிவும் சொன்னவா. சத்தத்தைக் கூட்டி விட்டு ரெண்டு பேருமாய்க் கேட்டனாங்கள், இவருக்கு ஒளிக்க வேண்டாம் எண்டு அவா சொன்ன படியால்.

தம்பி, மாமாவை நினைச்சுப் பாருங்கோ. உங்கட ஐயாவுக்கு வாதம் எண்டு சொல்லித்தானே எண்ணெய் போட்டனாங்கள். முதல் இடுப்பில சாறக்கட்டு அவிழத் தொடங்கினது. பிறகு கோப்பை விழுந்தது. இடம்பெயர்ந்து போகேக்க நீங்களும் இவரும் மாறி மாறிச் சைக்கிளில வைச்சு உருட்டினனீங்கள். கடைசியில கண் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் ஆருக்கு என்ன தெரியும், செல்லடிக்குள்ள கிடந்த சனம் நாங்கள். மாமா போன வயசுதான் இவருக்கு இப்ப நடக்குது. டொக்டருக்கு இதைச் சொல்ல, அது வாதம் இல்லை, இதே வருத்தமாத்தான் இருந்திருக்கும் எண்டா.

முடிவு வந்த அண்டைக்கே இவர் பலகையை எடுக்கச் சொன்னார். “தம்பிக்குச் சொல்லாதை.” பிறகு, “கௌசலாவுக்கும்.” அவளுக்கு ஒரு இடத்தில கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம், நல்ல பெடியன், பரந்தனில ஆசிரியர். பரம்பரை வருத்தம் எண்டு ஒரு சொல்லு வெளியில போனால் ஆர் அந்தப் பிள்ளையைக் கட்டுவினம்? அவையளைக் குறை சொல்லவும் ஏலாது. கூடப் பிறந்தவைக்கும் பிள்ளையளுக்கும் வரலாம், வராமலும் விடலாம், அரைக்கு அரைவாசி எண்டுதான் டொக்டர் சொன்னவா. இதிலயும் பாருங்கோ, அரைவாசி. நான் கோபத்தில, மற்றவனுக்கு மருந்தைப் பங்கு போட்ட மனுசன் உண்மையை மட்டும் ஏன் பூட்டி வைக்கிறியள் எண்டு கேட்டன். அவர் கனநேரமாச் சொன்ன பதில் இது: “மருந்து இல்லை. தெரிஞ்சு என்ன. இருக்கிற நாளில நித்திரை கொள்ளட்டும்.” நானும் அது சரி எண்டு ஒத்துக்கொண்டுதான் மழைக்கதை கதைச்சனான்.

போன செவ்வாய்க்கிழமை வீடியோவில வந்தனீங்களே. அருந்ததி தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சா. நீங்கள் இடக்கையால எடுத்தனீங்கள். சின்னனில இருந்து சோத்துக்கைக்காரன் நீங்கள், பந்து எறிஞ்சாலும் பேனை பிடிச்சாலும். பிறகு கோப்பையை வைக்கேக்க ரெண்டு கையாலயும் பிடிச்சு, மேசையைப் பார்த்துப் பார்த்து வைச்சனீங்கள். சேட்டுக்கு மேல் பொத்தான் போடாமல் இருந்தது. சீ, என்ர கண்ணுக்கு இப்ப எல்லாம் அப்பிடித்தான் தெரியுது எண்டு என்னையே ஏசினன்.

போனை வைச்ச உடன இவர் பலகையைப் பார்த்தார். நான் மாடு எண்டுதான் நினைச்சன். ஒவ்வொரு எழுத்தாக் கூட்டினன். “அவன்ர கை.”

அண்டையில இருந்து கஞ்சியும் சரியா இறங்குதில்லை.

அப்பதான் எனக்கு விளங்கினது, நீங்கள் ஏன் ஒவ்வொரு முறையும் ரத்த முடிவைக் கேக்கிறியள் எண்டு. அந்தப் புது ஆராய்ச்சியை அண்ணாவுக்கு எண்டு சொன்னியள். இவரைக் கட்டிலால தூக்கி முத்தத்துக்குக் கொண்டு போகேலாது, ஒஸ்லோவுக்கு எப்பிடிக் கொண்டு வாறது? உங்களுக்கு அது தெரியாததே? அருந்ததிக்குச் சொல்லாமல், பிள்ளையளுக்குச் சொல்லாமல், அங்க தனியக் கிடந்து தடவிக்கொண்டிருக்கிறியள். இஞ்ச இவர் உங்களுக்கு ஒளிக்கிறார், அங்க நீங்கள் இவருக்கு ஒளிக்கிறியள். ஒரே வயித்தில பிறந்த பிறவியள் எண்டதைக் காட்டிப் போட்டியள்.

ஆனபடியால் இவர் சொன்ன சொல்லை மீறி எழுதுறன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில், ஓம். பரம்பரை வகைதான். உங்கட டொக்டருக்குக் காட்டுறதுக்கு பிரேமிளா டொக்டர் தந்த கடதாசியின்ர படப்பிரதியை இதோட வைச்சிருக்கிறன்.

அந்த ஆராய்ச்சியில ஒரு இடம் இருக்குமெண்டால் அதை நீங்கள் எடுங்கோ தம்பி. மாறும் எண்டு நான் சொல்ல மாட்டன், அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒரு குளிசையும் ஒருத்தரையும் எழுப்பி விட்டதை நான் பார்க்கேல்லை. ஆனா தரேக்க, தந்ததை முழுசாக் குடியுங்கோ. ஆருக்கும் பங்கு குடாதேங்கோ. அருந்ததிக்குச் சொல்லுங்கோ, அவா தாங்குவா, நாங்கள் பெண்டுகள் தாங்குறம் தானே, வேற வழி என்ன. சுஜிதனுக்கும் சாரங்காவுக்கும் எப்ப சொல்லுறது எண்டு அங்கத்த டொக்டரிட்டக் கேளுங்கோ. அவை சொல்லுற முறையை எனக்கும் சொல்லித் தாங்கோ. இஞ்ச பக்கத்து அறையில தகப்பன்ர தலையைத் தடவிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. அவளுக்கு எப்பிடித் தொடங்குறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

பொங்கலுக்கு இந்த முறை நான் போகேலாது. ராஜினி போறாள், எங்கட பேரிலயும் ஒரு கை அரிசி போடச் சொல்லியிருக்கிறன். என்ன கேட்டுக் கும்பிடுறது அக்கா எண்டு கேட்டாள். உங்கட பேரை மட்டும் சொல்லி விட்டன்.

கடிதம் கிடைச்சதெண்டு போனில சொல்லாதேங்கோ. இஞ்ச மழையோ எண்டு கேளுங்கோ, நான் விளங்கிக் கொள்ளுவன். இன்னும் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. அடுத்த முறை வீடியோவில வரேக்க இவருக்கு ஒருக்காச் சோத்துக்கையால கை காட்டுங்கோ. நல்லா உயர்த்தி. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

ஏலாட்டில், இடக்கையால காட்டாதேங்கோ. சும்மா சிரிச்சுக்கொண்டிருங்கோ.

அம்மாளாச்சி உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கட அண்ணி
தயாளினி தவராசா